வெறும் வீட்டின் சத்தம்

இலவசமாக ஒரு பொருளை ஊருக்குக் கொடுத்துப் பாருங்கள். முதல் மாதம் புகழ்வார்கள். அடுத்த மாதம் குறை சொல்வார்கள். அதற்குப் பிறகு நீங்கள் அவர்கள் வீட்டு வேலைக்காரர். அப்துல் முத்தலிப் அந்த உத்தியோகத்தில் பல வருடங்களாக இருக்கிறார். சம்பளம் கிடையாது, விடுப்பு கிடையாது, ராஜினாமாக் கடிதத்தை யாரிடம் கொடுப்பது என்றும் தெரியாது.

சிங்கப்பூரின் கிழக்கே தெம்பனிஸில் வீடு, மேற்கே ஜூரோங்கில் வேலை. ரயிலில் தீவின் ஒரு ஓரத்தில் ஏறி மறு ஓரத்தில் இறங்கவேண்டும். காலையில் உட்கார இடம் கிடைப்பதெல்லாம் அதிர்ஷ்டம் உள்ளவர்களுக்கு. முத்தலிப் கதவோரத்துக் கண்ணாடித் தடுப்பில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கைப்பேசியைத் திறப்பார். மின்னஞ்சல்கள் வந்து காத்துக்கொண்டிருக்கும். "புதுக் கம்ப்யூட்டரில் உங்கள் ப்ளகின் திறக்கவில்லை. இன்றைக்குள் சரிசெய்து அனுப்பவும்" என்று பிரேசிலிலிருந்து ஒருவர். "நீங்கள் எல்லாம் எதற்கு இதைச் செய்கிறீர்கள்?" என்று எந்த நாடு என்று தெரியாத ஒருவர். வேறொருவர் கேள்விக்குறிகளை மட்டும் அனுப்பியிருப்பார். நன்றி சொல்கிறவர்களும் உண்டு, இல்லையென்று சொன்னால் பாவம். ஆனால் நன்றி சொல்கிறவர்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், திட்டுகிறவர்கள்தான் பக்கம் பக்கமாக எழுதுவார்கள்.

பாட்டுப் பதிவு செய்கிறவர்கள் கம்ப்யூட்டரில் ஒரு பெரிய மென்பொருளை வைத்திருப்பார்கள். அதற்குள் செருகிக்கொள்கிற சின்ன மென்பொருள்தான் ப்ளகின். ஒன்று குரலுக்கு எதிரொலி கொடுக்கும், இன்னொன்று சுருதியைச் சரிசெய்யும். முத்தலிப் எழுதிய ப்ளகினின் வேலை, பின்னால் கேட்கிற இரைச்சலை அழித்துவிட்டுக் குரலை மட்டும் விட்டுவைப்பது. அதற்கு அவர் வைத்த பெயர் டியாம். மலாயில் அதற்கு, பேசாமல் இரு என்று அர்த்தம். சிங்கப்பூரில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளில் அந்தச் சொல்லைக் காதில் வாங்காத பிள்ளை இல்லை.

ஜூரோங்கில் அவருக்குத் தொழிற்சாலைப் பம்புகளோடும் மோட்டார்களோடும் வேலை. அதிர்வை அளக்கும் கருவியை ஒட்டிவைத்து, எது எப்போது பழுதாகும் என்று முன்கூட்டியே சொல்லவேண்டும். இளவயதில் நண்பர் சின்னராசுவின் இசைக்குழுவில் கல்யாண மண்டபங்களில் கீபோர்டு வாசித்தவர். மோட்டார் இரைச்சலும் பாட்டும் ஒரே மண்டைக்குள் இருந்தால் என்ன ஆகும்? ஒரு நாள் இரண்டும் சந்தித்துக்கொண்டன, டியாம் பிறந்தது.

வீட்டில் பாட்டுப் பதிவு செய்ய உட்கார்ந்தபோதுதான் வீடு எவ்வளவு சத்தம் போடுகிறது என்று அவருக்குத் தெரியவந்தது. மின்விசிறி, குளிர்ப்பெட்டி, லிஃப்ட், மேல்வீட்டில் ஓயாமல் நடக்கும் ரெனவேஷன், மரத்துக்கு மரம் கத்தும் குயில். அடுக்குமாடி வீடுகளில் குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள என்று இரும்புக் கதவோடு ஓர் அறை கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். ஊரில் எல்லாரும் அதில் அரிசி மூட்டையும் பழைய சூட்கேஸும் வைப்பார்கள். முத்தலிப் மேசை போட்டார். மனைவி ஹலீமாவின் அரிசி மூட்டை சமையலறைக்கு இடம் மாறியது. பதிவு நடக்கும்போது யாரும் தெரியாமல் உள்ளே வந்துவிடக்கூடாது என்று, வாசல் கேட்டுக்கு மேலே ஒரு சின்னச் சிவப்பு விளக்கையும் பொருத்தினார். அது எரிந்தால் பதிவு நடக்கிறது என்று பொருள்.

அந்தக் காலத்தில் வீட்டில் அதிகமாகக் கேட்ட சொல்லும் டியாம்தான். சமையலறையில் பாத்திரம் உருண்டால், "டியாம் லா ஹலீமா, ரெக்கார்டிங் போகுது!" மகள் ஹம்னா பாடம் படித்தால், "டியாம் லா!" ப்ளகினுக்குப் பெயர் வைக்க அவர் ரொம்ப யோசிக்கவேண்டியிருக்கவில்லை.

இப்படிப்பட்ட மென்பொருள் தானாக எதையும் தெரிந்துகொள்ளாது, சொல்லிக்கொடுக்கவேண்டும். இது இரைச்சல், இது குரல் என்று மணிக்கணக்காகக் கேட்க வைக்கவேண்டும். குரலுக்கு அவர் கஷ்டப்படவில்லை, தெரிந்தவர்கள் எல்லாரையும் பேசவும் பாடவும் வைத்துப் பதிவு செய்தார். இரைச்சலுக்கு? காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கூடத்தில் மைக்கை ஓடவிட்டுவிட்டுப் போவார், மாலையில் வந்து நிறுத்துவார். பல வாரங்கள் அப்படி எடுத்தார். எல்லாவற்றையும் ஒரே தொகுப்பில் போட்டு, "எம்ப்டி ஹவுஸ்" என்று பெயர் வைத்து, இரைச்சல் பக்கத்தில் சேர்த்துவிட்டார். வெறும் வீடு. அதை ஒருமுறைகூட முழுதாகக் கேட்டதில்லை. வெறும் வீட்டை யார் உட்கார்ந்து கேட்பார்கள்?

டியாம் நன்றாகவே வேலை செய்தது. விலை வைக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது, இலவசமாகவே வலைத்தளத்தில் போட்டார். அங்கே பிடித்தது சனி. கம்ப்யூட்டர் நிறுவனங்கள் வருடா வருடம் எதையாவது மாற்றும், வருடா வருடம் டியாம் படுத்துக்கொள்ளும், முத்தலிப் எழுப்பி உட்கார வைப்பார். வேலை முடிந்து வந்து சாப்பிட்டும் சாப்பிடாமலும் இரும்புக் கதவுக்குள் போவார். இப்படியே ஹம்னா வளர்ந்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி, பொங்கோலுக்குக் குடிபோய்விட்டாள். முத்தலிப்புக்குக் கண்ணுக்குக் கீழே பை விழுந்துவிட்டது. ஒரு காலத்தில் பாட்டு கேட்டால் சிலிர்க்கிற மனிதருக்கு இப்போது பாட்டு கேட்டாலே பின்னால் என்ன இரைச்சல் இருக்கிறது என்றுதான் காது போகிறது. அலுத்துவிட்டது. அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு சொல் இல்லை.

ஹலீமா அவரிடம் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை.

"ஒரு சனிக்கிழம டெக்கா மார்க்கெட்டுக்கு ரெண்டு பேரும் சேந்து போவோம் மச்சான். மீன் வாங்குவோம், தே தாரிக் குடிப்போம், அப்படியே நடந்துட்டு வருவோம். நீங்க போனப் பாக்காம வரணும். அவ்ளோதான்."

"போவோம். இந்த அப்டேட்ட முடிச்சிடறேன்."

அப்டேட் முடிந்த சனிக்கிழமை என்று ஒன்று வரவே இல்லை.

இந்த முறை முத்தலிப் உண்மையாகவே முடிவெடுத்தார். மாதக் கடைசியோடு டியாமைத் தலைமுழுகிவிடுவது. வலைத்தளத்தில் அறிவிப்பும் போட்டார்: இனி என்னால் முடியாது, விருப்பமுள்ளவர்கள் எடுத்து நடத்தலாம். போலந்து நாட்டிலிருந்து ஒரு பெண் முன்வந்தாள். நிரலை மட்டும் வாங்கி என்ன செய்வது, டியாமுக்குச் சொல்லிக்கொடுத்த ஒலிகளையும் சேர்த்து எல்லாருக்கும் பொதுவாக வெளியிட்டால்தான் பின்னால் வருகிறவர்கள் திருத்த முடியும் என்று எழுதினாள். நியாயம்தான். அனுப்புகிறேன் என்று பதில் போட்டார். ஹலீமாவிடமும் சொன்னார்.

"இந்த மாசத்தோட முடிஞ்சது. அந்த ரூம உனக்கே குடுத்துடறேன்."

"அரிசி மூட்டைய நகத்தறப்ப நம்பறேன்" என்றாள் ஹலீமா.

அப்போதுதான் திவ்யதர்ஷினி என்கிற பெண்ணின் புகார் மூன்றாவது தடவையாக வந்தது. ஜூரோங்கில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. பிள்ளைகள் மதியம் தூங்குகிற நேரத்தில் ஒலிக்கவிடத் தாலாட்டுகளைத் தானே பாடிப் பதிவு செய்கிறாளாம். டியாம் போட்டால் தன் குரலில் பாதி காணாமல் போகிறது என்று எழுதியிருந்தாள். முதல் இரண்டு முறையும் முத்தலிப் எல்லாருக்கும் அனுப்புகிற பதிலையே அனுப்பினார்: இரைச்சலை அழிக்கும் அளவுக்கான குமிழைக் குறைத்துப் பாருங்கள். இதே குறையை முன்பும் சில பெண்கள் எழுதியதுண்டு. அவர்களுக்கும் அதே குமிழ்தான். மூன்றாவது தடவை மின்னஞ்சலோடு சின்னராசுவின் தொலைபேசி அழைப்பும் சேர்ந்து வந்தது.

"பாய், அந்தப் பொண்ணு என் ரூம்லதான் ரெக்கார்ட் பண்ணுது. ஞாயித்துக்கெழம நேர்ல வந்து பாரு. சும்மா மெயில்ல கொமிழக் கொற, கொமிழக் கொறன்னா அது என்ன செய்யும்?"

சின்னராசுவின் கடை சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. கீழே கோயில் விழாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் வாடகைக்குப் போகும் ஒலிபெருக்கிகள், சுருட்டிப்போட்ட ஒயர்கள். மேலே சுவரெங்கும் பஞ்சு ஒட்டிய குட்டி அறை. ஞாயிற்றுக்கிழமையில் லிட்டில் இந்தியா எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. நடைபாதையில் கால் வைக்க இடமில்லாத கூட்டத்தைப் பிளந்துகொண்டு, ஓய்வு நாளிலும் ஓய்வில்லாத தன் தலையெழுத்தை நொந்துகொண்டு முத்தலிப் மாடி ஏறினார்.

திவ்யதர்ஷினி எழுந்து நின்றாள். "சாரி அங்கிள், சண்டேல வர வெச்சிட்டேன். வேர்ட்ஸ் பாடினா ஓகே அங்கிள், ஒண்ணும் ஆகல. ஆனா வாயை மூடிட்டு ஹம் பண்ணினா அப்படியே போயிடுது. டோட்டலி கான்."

"எங்க, பண்ணு பாப்போம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தணிந்த குரல். வார்த்தை இல்லாமல், வாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும் ஒரு ராகம். பிள்ளைகள் தூங்கிவிடும்தான், முத்தலிப்புக்கே கண் சொருகியது. பதிவை ஓட்டினார்கள். மின்விசிறிச் சத்தமும் சாலை இரைச்சலும் அவள் குரலும் கேட்டன. டியாமைப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டினார்கள். மின்விசிறி போயிற்று, சாலை போயிற்று, அவற்றோடு சேர்ந்து அவளும் போய்விட்டாள். ஒன்றுமே மிச்சமில்லை.

"இப்பப் பாரு" என்று சின்னராசு மைக் முன்னால் வந்து நின்று, தன் கரகரத்த தொண்டையில் ஏதோ முனகினார். அது அப்படியே இருந்தது. "என் கட்டக் குரல விட்டு வெச்சிருக்கு பாய். உன் மெஷினுக்குக் கொஞ்சமும் டேஸ்ட் இல்ல."

திவ்யதர்ஷினி சிரித்தாள். முத்தலிப்புக்குச் சிரிப்பு வரவில்லை. டியாம் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்யும். ஒரு பெண் தணிந்த குரலில் முனகுவது இரைச்சல் என்று அதற்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கவேண்டும். சொல்லிக்கொடுத்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் இரைச்சல் பக்கத்தில் பெண் குரலே கிடையாதே? அங்கே இருந்தது வெறும் வீடு மட்டும்தானே?

"ரெண்டு வாரம் குடும்மா. சரிபண்ணித் தரேன்" என்றார்.

"தேங்க்ஸ் அங்கிள். நீங்க இத மூடப்போறீங்கன்னு வெப்சைட்ல போட்டிருக்கே?"

"மூடல. வேற ஆள்கிட்ட குடுக்கறேன்."

"குடுத்துட்டு என்ன பண்ணுவீங்க?"

"தூங்குவேன்" என்றார்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு இரும்புக் கதவுக்குள் உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தான் ஒருபோதும் கேட்காத அந்த வெறும் வீட்டைக் கேட்க ஆரம்பித்தார். மின்விசிறி. குளிர்ப்பெட்டி. கீழே ஒரு பஸ். தொழுகை நேரத்தைச் சொல்லும் சுவர்க்கடிகாரம். எங்கோ சுவரில் துளைபோடும் சத்தம். கொட்டாவி வந்தது. பிறகு கரண்டி ஒன்று பாத்திரத்தில் தட்டியது. குழாய் திறந்தது. குழாய் மூடியது. அதன் பின்னால், தூரத்தில், யாரோ ஒரு பெண் வாய்க்குள்ளேயே பாடத் தொடங்கினாள்.

முத்தலிப் கொட்டாவியை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வார்த்தை இல்லை. ராகம் கூடத் தெரிந்த ராகமில்லை. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி, கத்தி பலகையில் படும்போது அதனோடு சேர்ந்து நின்று, மறுபடி தொடங்கி, அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் கேட் திறக்கும் சத்தம். சிறுமி ஹம்னா பள்ளி முடிந்து ஓடிவந்து "உம்மா!" என்று கத்துகிறாள். உடனே ஹலீமாவின் குரல், ரகசியமாக: "டியாம், டியாம். வாப்பா மைக்க வெச்சிட்டுப் போயிருக்காங்க." கொஞ்ச நேரம் அமைதி. பிறகு, தன்னை மறந்து, அந்தப் பாட்டு மறுபடியும்.

வேறொரு நாளைத் திறந்தார். அதிலும் இருந்தாள். இன்னொரு நாள், அதிலும். துணி உதறும்போது, அரிசி களையும்போது, சும்மா இருக்கும்போது. அவள் பாடாத ஒரு மதியத்தை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஹலீமா" என்று கூப்பிட்டார். "இங்க வந்து இதக் கொஞ்சம் கேளு."

பயற்றங்காய் நறுக்கிய கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அந்த அறைக்குள் அவள் வந்தே வெகுநாளாகியிருந்தது, எங்கே நிற்பது என்று தெரியாமல் கதவோரம் நின்றாள். ஹெட்போனைத் தலையில் வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கேட்டாள். "யாரு மச்சான் இது? நல்லாப் பாடுதே."

"நீதான்."

"நானா?" ஹெட்போனைக் கையால் அழுத்திக்கொண்டாள். முகம் மெல்ல மாறியது. ஹம்னாவின் குரல் வந்த இடத்தில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "நான் இப்படியெல்லாமா பாடிட்டிருந்தேன்?"

கண் திரைக்குப் போயிற்று. எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாகப் படித்தாள். "எம்ப்டி ஹவுஸ். அப்படின்னா எழுதியிருக்கீங்க?"

"அது... ஆள் இல்லாதப்ப எடுத்தது. அதனால அப்படிப் பேர் போட்டேன்."

"நான் இருந்தேனே" என்றாள் ஹலீமா.

கோபமாகச் சொல்லவில்லை. வீட்டு எண்ணை யாரோ தப்பாகச் சொன்னால் திருத்துவதுபோலச் சொன்னாள். அடுப்பில் எண்ணெய் காய்கிறது என்று ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டுப் போய்விட்டாள். முத்தலிப்புக்கு வெட்கமாக இருந்தது. திட்டியிருந்தாலாவது தேவலை என்று தோன்றியது. அவர் வேலைக்குப் போய்விட்டால் வீடு காலி. அதை அவர் யோசித்து எழுதவில்லை, அதுதான் கொடுமை. யோசிக்காமலே கை அப்படி எழுதியிருக்கிறது.

சாப்பாட்டு மேசையில் நடந்ததை விளக்கினார். உன் பாட்டை இரைச்சல் பக்கத்தில் போட்டுவிட்டேன், டியாம் அதையே படித்துக்கொண்டுவிட்டது, உன்னைப்போல் பாடுகிற பெண்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அவர்கள் குரலைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறது என்றார்.

"உலகம் பூராவா? பெரிய ஆளுதான் நான்" என்றாள் ஹலீமா. அவருக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

"அந்தப் போலந்துப் பொண்ணு இதெல்லாம் கேக்குது. அனுப்பினா யார் வேணும்னாலும் கேக்கலாம். உன்னக் கேக்காம அனுப்பமாட்டேன்."

"வேணாம் மச்சான். என் சமையக்கட்டு அது. கண்டவங்களும் உக்காந்து கேக்கறதுக்கா?"

"சரி. அனுப்பல."

"அப்ப எப்படி முடிப்பீங்க?"

"புதுசா எடுக்கணும். யாரும் இல்லாதப்ப."

ஹலீமா தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். "சனிக்கிழம நான் டெக்காவுக்குப் போய்ட்டு வரேன். மெதுவா வரேன். நீங்க எடுத்து முடிங்க. அப்ப நெசமாவே வெறும் வீடுதான். அடுத்த வாரம் வேணும்னா சேந்து போவோம்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும். கல்லுக்குக்கூட அந்த இடத்தில் சொல்லத் தோன்றியிருக்கும். முத்தலிப்புக்கும் தோன்றியது. ஆனால் மாதக் கடைசி நெருங்கியிருந்தது, எப்படியாவது இதை முடித்துத் தொலைத்தால் போதும் என்றிருந்தது. "சரி" என்றார்.

சனிக்கிழமை காலை அவள் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். கேட் சாத்தும் சத்தம், காரிடாரில் செருப்புச் சத்தம், லிஃப்ட். முத்தலிப் கூடத்தில் மைக்கை வைத்து, சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு, இரும்புக் கதவுக்குள் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

மின்விசிறி. குளிர்ப்பெட்டி. குயில். கரண்டி விழவில்லை, குழாய் திறக்கவில்லை. தொழில்முறையாகப் பார்த்தால் அருமையான பதிவு. இத்தனை வருடம் தேடிய சுத்தமான இரைச்சல். ஆனால் இவள் இல்லாமல் போனால் இந்த வீடு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார். அந்த நினைப்பை உதறவும் தெம்பில்லை. உடம்பில் இருந்த அசதியெல்லாம் ஒன்றுசேர்ந்து வந்து, மேசைமேல் தலையைக் கவிழ்த்து, ஹெட்போனோடு தூங்கிப்போனார்.

விழித்தபோது காதில் வேறொரு சத்தம் இருந்தது. மிக மெல்லியது. பிளாஸ்டிக் பை கசங்குவது. அப்புறம் ஒரு மூச்சு. வாயால் விடாமல், அடக்கி அடக்கி மூக்கால் விடும் மூச்சு. கூடத்தில் யாரோ இருக்கிறார்கள் என்று திடுக்கிட்டு எழுந்து வெளியே வந்தார்.

கூடத்தில் யாரும் இல்லை. மரக்கதவு திறந்திருந்தது. கேட்டுக் கம்பிகளுக்கு வெளியே, இரண்டு கையிலும் பைகளோடு ஹலீமா நின்றுகொண்டிருந்தாள். சாவி விரலில் மாட்டியிருந்தது. அவரைப் பார்த்ததும், பதிவு முடிந்ததா என்று புருவத்தால் கேட்டாள்.

"எவ்ளோ நேரமா நிக்கற?"

"இப்பத்தான் வந்தேன்" என்று கிசுகிசுத்தாள்.

மீன் பையிலிருந்த பனிக்கட்டி கரைந்து அவள் காலடியில் குளமாக நின்றது. அந்தத் தண்ணீர் காரிடாரில் ஓடிப் பக்கத்து வீட்டு வாசல் வரை போயிருந்தது. பையின் காது இறுக்கி விரல்கள் வெளுத்திருந்தன.

"தொறந்துட்டு வரவேண்டியதுதானே?"

தலைக்கு மேலே கண்ணைக் காட்டினாள். "லைட் எரியுதே. சாவி போட்டா சத்தம் கேக்கும்."

"அதுக்காக இங்கயே நிப்பியா?"

"எப்பவும் நிக்கறதுதானே. அணைஞ்சப்பறம் வருவேன்." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, சமாதானம் சொல்வதுபோலச் சேர்த்தாள்: "பக்கத்து வீட்டு ஆன்டி சில நாளு ஸ்டூல் போட்டுக் குடுக்கும்."

முத்தலிப் கேட்டைத் திறந்து பைகளை வாங்கிக்கொண்டார். பக்கத்து வீட்டுச் சீன ஆன்டிக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஸ்டூலுக்குத் தெரிந்திருக்கிறது. அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. ஊருக்கெல்லாம் இரைச்சலைத் துடைத்துக்கொடுத்த மனிதர், சொந்த வாசலில் ஒருத்தி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றதைக் கேட்டதே இல்லை.

சமையலறைக்குப் பின்னாலேயே போனார். ஹலீமா மீனைக் குழாயடியில் கொட்டினாள்.

"ஹலீமா. இப்பல்லாம் நீ பாடறதே இல்லையே. எப்பலேருந்து?"

"தெரியலயே." யோசித்துப் பார்த்தாள். நிஜமாகவே யோசித்தாள். "நீங்க டியாம்பீங்க, நிறுத்துவேன். அப்புறம் நீங்க சொல்லவேண்டியிருக்கல. பழகிருச்சு லா."

முத்தலிப் போய்ப் பதிவை நிறுத்தினார். பழைய ஒலித் தொகுப்பை இரைச்சல் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, அன்று ஹலீமா திரும்பி வரும்வரை பதிவானதை அங்கே வைத்தார். பழையதில் அவள் பாடிய இடங்களை மட்டும் வெட்டிக் குரல் பக்கத்தில் வைத்து, டியாமுக்கு மறுபடி பாடம் சொல்லிக்கொடுக்கக் கட்டளை போட்டார். திவ்யதர்ஷினியின் தாலாட்டு இனி போகாது. போலந்துப் பெண்ணுக்கு எழுதினார்: நிரலும், திருத்திய டியாமும் உங்களுக்கு வந்துசேரும். ஒலிகள் வராது, மன்னிக்கவும். வெறும் வீட்டை உங்கள் வீட்டிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். அதற்கு முன், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, வாசலில் இருந்த சிவப்பு விளக்கைக் கழற்றினார்.

"ஏன் கழட்டறீங்க?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள்.

"இனிமே வேணாம்."

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு."

மீன் பொரியும் வாசம் வந்தது. முத்தலிப் கைப்பேசியை அலமாரிமேல் வைத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, சமையலறைப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். எண்ணெய்ச் சத்தம் கேட்டது. குழாய்ச் சத்தம் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை. அவர் எழுந்திருக்கவில்லை.